டாலர் பதினெட்டு ரூபாய்

திருச்சி,
12.12.1990

அன்புள்ள தம்பி சேகருக்கு,

அக்கா சுலோச்சனா எழுதுவது. நானும் அத்தானும் கிரிஜாவும் சௌக்கியம். குழந்தைக்கு மூக்கடைப்பு என்று எழுதியிருந்தாயே, சரியாகிவிட்டதா? கலாவதிக்கு அந்தக் குளிர் பழகிவிட்டதா?

ஒரு முக்கியமான விஷயம். அத்தான் பாய்லர் கம்பெனி வேலையை விட்டுத் துவாக்குடியில் பட்டறை போட்டு ஆறு வருஷம் ஆகிறது. பிளாஸ்டிக் வாளியும் மக்கும் நன்றாகத்தான் விற்கின்றன. ஆனால் இருக்கிற இரண்டு பழைய மிஷின்களில் ஒன்று வாரத்தில் மூன்று நாள் படுத்துவிடுகிறது. பெங்களூரில் ஒரு ஜப்பான் மிஷின் ஓடுவதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அதே பேச்சு. "ஒரு வாளிக்கு நாப்பது செகண்டு சுலோ! கையில வாட்ச்சை வெச்சுகிட்டே பாத்தேன். நாப்பதே செகண்டு!" என்கிறார். சாப்பிடும்போதும் அதுதான்.

விலை அறுபதாயிரம் டாலர். பன்னிரண்டாயிரத்துக்கு உண்டான ரூபாயைப் புரட்டிவிட்டோம். மீதி நாற்பத்தெட்டாயிரத்துக்கு இரண்டு வழி இருக்கிறது. மிஷின் கம்பெனிக்காரனே தவணை தருகிறான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆறாயிரம் டாலர் வீதம் எட்டுத் தவணை, எட்டு சதவீத வட்டி தனி. டாலராகவே கட்ட வேண்டும். நம் பாங்க் ஜாமீன் நிற்கும். இன்றைய விலையில் டாலர் பதினெட்டு ரூபாய்.

இன்னொரு வழி, இங்கே பாங்கில் உன் பெயரில் இருக்கும் எட்டு லட்சம் டெபாசிட். அதை இரண்டு வருஷத்துக்கு நீ கொடுத்தால் பாங்க் தரும் வட்டியையே உனக்குத் தந்துவிடுவோம். எல்லாம் ரூபாயிலேயே முடிந்துவிடும். அத்தானுக்கு உன்னிடம் கேட்கக் கூச்சம். நான் கேட்டுவிட்டேன்.

லண்டன் பாங்கில் நம்மைப் போன்ற நாடுகளின் பணத்தைப் பற்றித்தானே உனக்கு வேலை? எது நல்லது என்று நீ எழுதினால் அதன்படியே செய்வார்.

கலாவதிக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள்.

உன் அன்பு அக்கா,
சுலோச்சனா


சட்டன், லண்டன்,
9.1.1991

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். குழந்தை இப்போது நன்றாக மூச்சு விடுகிறான். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் முருகனை வேண்டுகிறேன். போன ஞாயிறு ஆர்ச்வே கோயிலுக்குப் போய் உங்கள் பெயர்களைச் சொல்லி அர்ச்சனை செய்தோம். என்னோடு பாங்கில் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் பத்மநாதன் என்கிற யாழ்ப்பாணத்துக்காரரும் வந்திருந்தார். தன் தம்பியின் விசா விஷயமாகக் குரோய்டன் விசா ஆபீசுக்கு அலைந்தே அவருக்குப் பாதி லீவு தீர்ந்துவிட்டது.

அத்தானின் முயற்சியைப் படித்து மகிழ்ந்தேன். யோசித்துப் பார்த்ததில் டாலர் தவணையே நல்லது என்று தோன்றுகிறது. மிஷின் கம்பெனிக்காரன் எட்டு சதவீத வட்டிதான் கேட்கிறான். உள்ளூர் பாங்கில் பதினெட்டு. வித்தியாசத்தை அத்தானே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். என் டெபாசிட்டைப் பொறுத்தவரை அது வேறொரு காரியத்துக்காக ஒதுக்கியது. இல்லாவிட்டால் நீ கேட்டு நான் மறுப்பேனா?

நான் இங்கே ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். லண்டனிலும் சிகாகோவிலும் ஒரு சந்தை நடக்கிறது. ஆறு மாதம் கழித்துத் தேவைப்படும் வெளிநாட்டுப் பணத்துக்கு இன்றைக்கே விலை பேசி முடித்துக்கொள்ளலாம். பிறகு ஏறினாலும் இறங்கினாலும் நமக்குக் கவலையில்லை. வளரும் நாடுகளுக்கும் அப்படிப்பட்ட சந்தை வேண்டும் என்பதுதான் என் கட்டுரையின் வாதம். அத்தானிடம் சொன்னால் ரசிப்பார்.

ஆபீசில் தினமும் இரண்டு மீட்டிங். வளைகுடாவில் சண்டை மூளும் போலிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி,
சேகர்


திருச்சி,
4.3.1991

அன்புள்ள சேகருக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் வந்த மறுநாளே அத்தான் கையெழுத்துப் போட்டுவிட்டார். மிஷின் கப்பலேறிவிட்டது. சண்டையால் பிளாஸ்டிக் குருணை மூட்டைக்கு மூட்டை விலை ஏறுகிறது. அதனால் என்ன, நாற்பது செகண்டில் வாளி வந்தால் சமாளித்துவிடலாம் என்கிறார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போன வாரம் ஜாமீன் பேப்பருக்காக நானும் பாங்குக்குப் போயிருந்தேன். மேனேஜர் சுப்பிரமணியன், நெற்றியில் விபூதியோடு மெதுவாகப் பேசுகிறவர், அத்தானிடம் சொன்னார்:

"சார், முதல் நாலு தவணைக்காவது டாலரை இப்பவே ஃபார்வர்டுல புக் பண்ணி வெச்சுடுங்க. இன்னிக்கு விலைய பேசி முடிச்சுடலாம். தவணைக்குப் பத்தாயிரம் ரூபாய் கூட ஆகும், அவ்வளவுதான்."

அத்தான் சிரித்தார். "பத்தாயிரம்னா எத்தனை வாளி விக்கணும் தெரியுமா சார்? என் மச்சினன் லண்டன்ல உக்காந்து இதைத்தான் பாத்துகிட்டிருக்கான். ஆபத்துன்னா எங்களுக்கு ஒரு வரி எழுதியிருக்க மாட்டானா?"

மேனேஜர் ஜாமீன் பேப்பரைக் கையெழுத்துக்கு நகர்த்தினார். நீ கட்டுரை எழுதுகிறாயே, அதே விஷயம்தானே இது? நாங்கள் புக் பண்ணலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை எழுது போதும். முதல் தவணை ஜூன் மாதம்.

கிரிஜா பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிறாள். இன்ஜினீயரிங்தான் என்று பிடிவாதம். அப்பா மாதிரி.

ஆசிகளுடன்,
அக்கா


சட்டன்,
6.5.1991

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. பிப்ரவரியில் விழுந்த பனியில் ரயிலே ஓடாமல் தேங்கிய வேலை மார்ச் முழுக்க இழுத்தது. பிறகு குழந்தைக்கு அம்மை. இப்போது தேறிவிட்டான். கன்னத்தில் மட்டும் ஒரு தழும்பு.

சட்டனிலேயே ஒரு வீடு பார்த்திருக்கிறோம். பின்னால் சின்னத் தோட்டம், ஸ்டேஷனுக்கு எட்டு நிமிஷ நடை. முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால் திருச்சி டெபாசிட்டை முதிர்ச்சிக்கு முன்பே எடுக்க முடிவு செய்துவிட்டேன். கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தபாலில் நேரே பாங்குக்கு அனுப்பினால் ஏதாவது ஒரு மேசையில் கிடக்கும். அத்தான் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, இந்த மாதத்துக்குள் பணம் பவுண்டாக இங்கே வந்து சேரும்படி மேனேஜரை நெருக்க வேண்டும். இந்த மாதத்துக்குள் என்பது முக்கியம். வீட்டுக்காரன் காத்திருக்க மாட்டான். விஷயத்தை வேறு யாரிடமும் பேச வேண்டாம் என்றும் அத்தானிடம் சொல்.

மிஷின் வந்துவிட்டதா? வந்ததும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கிரிஜாவுக்கு என் வாழ்த்துகள். இன்ஜினீயரிங் நல்ல படிப்பு.

எங்கள் குடும்ப நண்பர் டாக்டர் நரசிம்மன் அடுத்த மாதம் ஸ்ரீரங்கம் வருகிறார். அவரிடம் உனக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
சேகர்


திருச்சி,
9.6.1991

அன்புள்ள சேகருக்கு,

அனைவரும் சுகம். ஸ்ரீபெரும்புதூர் சம்பவத்துக்குப் பிறகு நான்கு நாள் பஸ் ஓடவில்லை. அதனால் உன் வேலை ஒரு வாரம் தள்ளிப்போனது. இப்போது முடிந்துவிட்டது. பணம் இதற்குள் உனக்கு வந்திருக்கும்.

அன்று ஒரே நடையில் இரண்டு காரியம் என்று அத்தான் புறப்பட்டார். உன் விண்ணப்பத்தைக் கொடுப்பது, எங்கள் முதல் தவணைக்கு டாலர் வாங்குவது. நானும் கூடப் போனேன். மேனேஜர் உன் விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உங்க மச்சினன் ரூபாயை எடுத்துகிட்டுப் போறார். நீங்க டாலர்ல கடன் வாங்கியிருக்கீங்க."

"அவன் வீடு வாங்குறான் சார்" என்றார் அத்தான்.

"இந்த மாசம் இது ஏழாவது விண்ணப்பம். எல்லாருமே வெளிநாட்டுல வீடு வாங்குறாங்க."

"நல்ல விஷயம்தானே சார். நம்ம பசங்க நல்லா இருக்கட்டும்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "ஃபார்வர்டு பத்தி லண்டன்ல கேட்டீங்களா அம்மா?" என்றார். கேட்டிருக்கிறோம், பதில் வரும் என்றேன். டாலர் அன்றைக்கே இருபத்தொரு ரூபாய். நான் மார்ச்சில் கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை, சேகர். வேலையில் மறந்திருப்பாய். இப்போதாவது எழுது.

மிஷின் போன வெள்ளிக்கிழமை ஓடத் தொடங்கியது. முதல் வாளி சிவப்பு. அத்தான் அதைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சூடு ஆறாமல் இருந்ததில் விரல் சிவந்துவிட்டது.

வீடு வாங்கும் காரியம் நல்லபடியாக நடக்கட்டும்.

அக்கா


சட்டன்,
20.8.1991

அன்புள்ள அண்ணிக்கு,

கலாவதி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். தாங்கள், அண்ணா, கிரிஜா நலந்தானே? இவருக்கு எழுத நேரமே இல்லை. அதனால் இந்தத் தடவை நான் எழுதுகிறேன். தப்பாக நினைக்கக் கூடாது.

பதினெட்டாம் தேதி புது வீட்டில் பால் காய்ச்சினோம். ஆர்ச்வேயிலிருந்து குருக்கள் வந்தார். புகை வந்தால் அலாரம் அடிக்கும் என்று ஹோமத்தைத் தோட்டத்தில் வைத்தோம். அண்ணி இல்லாததுதான் குறை.

இந்த வீடு கிடைத்ததே இவருடைய சாமர்த்தியத்தால்தான். மே மாதம் பணத்தை எடுக்காமல் விட்டிருந்தால், ரூபாய் விழுந்த பிறகு அதே எட்டு லட்சத்துக்கு இங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் வந்திருக்குமாம். பாங்கில் ஜனவரியிலிருந்தே இதே பேச்சுத்தானாம். இந்தியாவுக்குக் கொடுத்த கடனைக் குறைக்கச் சொல்லி ரிப்போர்ட் எழுதியதே இவர்தான். வீட்டில் என்னிடம்கூட அப்போது மூச்சு விடவில்லை. டாக்டர் நரசிம்மனுக்கு மட்டும் மார்ச் மாதம் ஜாடையாகச் சொன்னாராம். அவரும் தன் பணத்தை எல்லாம் எடுத்துவிட்டார். அந்த நன்றிக்கு அவர் கொடுத்த எட்டாயிரம் பவுண்டு கைமாற்றில்தான் வீட்டின் பாக்கி முன்பணம் கட்டினோம்.

அன்றைக்குச் சாப்பிடும்போது டாக்டர் இதைச் சொல்லி இவரைப் புகழ்ந்தார். பக்கத்தில் இருந்த பத்மநாதன் அண்ணை, "அப்ப சேகர், உங்கட அக்காவுக்கும் முன்னமே சொல்லியிருப்பியள்தானே? அவை டொலரில மெசின் எடுத்தவை எண்டு சொன்னனீங்கள்" என்று கேட்டார். இவர், "அவங்க முன்னாடியே டாலரைப் புக் பண்ணி வெச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டு ரசம் எடுத்துவரப் போனார். கேட்டதும் எனக்கு நிம்மதி. இல்லாவிட்டால் தங்களுக்கு எவ்வளவு நஷ்டமாகியிருக்கும்!

வீட்டின் படங்களை இத்துடன் அனுப்புகிறேன்.

தங்கள்,
கலாவதி


திருச்சி,
25.9.1991

சேகருக்கு,

அக்கா எழுதுவது. சௌக்கியம். அங்கும் அப்படியே இருக்கும்.

கலாவதியின் கடிதமும் படங்களும் வந்தன. வீடு அழகாக இருக்கிறது. கலாவதியை நீ எதுவும் சொல்லாதே. அவள் மனதில் ஒன்றுமில்லாமல் எழுதியிருக்கிறாள்.

ஜூலை ஒன்றாம் தேதி ரேடியோவில் ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள் என்றான். அத்தான் பட்டறையிலிருந்து பாங்குக்கு ஓடினார். மேனேஜர், "இன்னும் இருக்கு சார்" என்றார். மூன்றாம் தேதி இரண்டாவது தடவையும் குறைத்தார்கள். இருபத்தொன்று இருபத்தாறு ஆகிவிட்டது. ஒரு லட்சத்து எட்டாயிரம் என்று நாங்கள் நினைத்திருந்த தவணை, இந்த மாதம் ஒரு லட்சத்து ஐம்பத்தாறாயிரம். என் வளையல்கள் போயின. கிரிஜாவுக்குக் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் சீட் கிடைத்தது. கட்ட முடியவில்லை. உள்ளூரிலேயே பி.எஸ்ஸி. சேர்ந்திருக்கிறாள். வாளி விலையை ஏற்றவும் வழியில்லை. அரிசி, எண்ணெய், கேஸ் எல்லாம் ஏறிய பிறகு பழைய வாளியின் ஓட்டையைக் காய்ச்சி அடைத்துக்கொள்கிறார்களே தவிர யாரும் புதிது வாங்குவதில்லை.

கலாவதியின் கடிதத்தை அத்தானிடம் காட்டவில்லை. "பாவம், சேகரே எதிர்பார்த்திருக்க மாட்டான், பெரிய பெரிய ஆளுங்களே ஏமாந்துட்டாங்க" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு தடவை கேட்டேன். டாலரில் வாங்கு என்று எழுத உனக்கு நேரம் இருந்தது. பணத்தை எடுத்து அனுப்பு என்று எழுதவும் இருந்தது. புக் பண்ணு என்று ஒரு வார்த்தை எழுத ஏன் முடியவில்லை? எனக்குப் பணம் வேண்டாம். இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுது.

சுலோச்சனா


சட்டன்,
17.2.1992

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனை. உன் கடிதம் வந்து பல மாதமாகிவிட்டது. மனம் புண்பட்டிருந்ததால் உடனே எழுத முடியவில்லை.

நீ படித்தவள். பாங்கில் தெரிந்ததை உறவுக்காரர்களிடம் சொன்னால் என் வேலை போய்விடும் என்பது உனக்குப் புரியும். டாக்டர் விஷயம் வேறு. அவராகவே ஊகித்துக் கேட்டார். நான் தலையைத்தான் ஆட்டினேன். அவர் வாயைத் திறக்காத மனிதர். அத்தான் அப்படியா? நான் ஒரு வரி எழுதியிருந்தால் மறுநாள் துவாக்குடி முழுவதும் லண்டன் மச்சினன் சொன்னான் என்று பரவியிருக்கும். வெகுளியான மனிதர். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

டெபாசிட்டைத் தந்திருக்கலாமே என்று நீ நினைக்கலாம். தந்திருந்தால் இன்று நஷ்டம் எனக்கு. யாராவது ஒருவருக்கு நஷ்டம் வந்தே தீரும் என்னும்போது, குழந்தை உள்ளவன் என்ன செய்வான்?

அதோடு, நியாயமாகப் பார்த்தால் உங்கள் மேனேஜரே ஃபார்வர்டு எடுக்கச் சொன்னார். தவணைக்குப் பத்தாயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்க நினைத்தது யார்? கையில் மருந்தைக் கொடுத்தும் சாப்பிடாதவர் வைத்தியரைக் குறை சொல்லலாமா?

நாட்டுக்கு இது நல்லதுதான் அக்கா. கதவு திறந்திருக்கிறது. ஐந்து வருஷத்தில் நீயே சொல்வாய். நடுவில் சில பேருக்குக் கஷ்டம் இருக்கத்தான் செய்யும். வரும் நாட்களில் டாலர் முப்பதுக்கும் போகலாம். இதை இப்போது வெளிப்படையாகவே சொல்லலாம். பேப்பரிலேயே போட்டுவிட்டார்கள்.

கிரிஜாவுக்கு ஐம்பது பவுண்டுக்கு டிராஃப்ட் வைத்திருக்கிறேன். இன்றைய விலையில் அங்கே அது நல்ல தொகை.

அத்தானுக்கு என் வணக்கம்.

சேகர்


லண்டன்,
22.11.1993

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். சென்ற வருஷம் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. டிராஃப்ட்டும் பணமாக்கப்படாமல் கிடக்கிறது. பரவாயில்லை. அக்கா எத்தனை நாள் கோபமாக இருந்துவிடுவாள் என்று கலாவதியிடம் சொல்வேன்.

மதுரையில் இருக்கும் கலாவதியின் தங்கை கோடையில் எழுதியிருந்தாள். தவணை நின்றுபோய், ஜாமீன் பணத்தைப் பாங்க் கட்டி, பட்டறையை ஜப்தி செய்து, மிஷின் ஏலம் போய்விட்டதாமே. வருத்தப்பட்டேன். கோயம்புத்தூரில் அதை ஏலம் எடுத்தவரிடமே அத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் என்றும் எழுதியிருந்தாள். அந்த வகையில் ஆறுதல். மாதச் சம்பளத்தில் தூக்கம் கெடாது.

இங்கே எனக்கு நல்ல காலம். போன வருஷம் செப்டம்பரில் பவுண்டே விழுந்தபோது எங்கள் பிரிவு எதிர்பார்த்தே இருந்தது. அதில் பதவி உயர்ந்தது. வரும் பிப்ரவரியில் லண்டனில் ஒரு கருத்தரங்கு. பல வளரும் நாடுகளின் ரிசர்வ் பாங்க் அதிகாரிகள் வருகிறார்கள். நாணய முன்பேரச் சந்தை பற்றிய என் கட்டுரையைப் படிக்கப் போகிறேன். வெறும் கோட்பாடாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். உண்மையான ஓர் உதாரணம் வேண்டும். அத்தானுடையதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. ஆலோசனை சொல்ல ஆளில்லாத ஒரு சிறுதொழிலதிபர், பாதுகாப்பு எடுக்காமல் டாலர் கடன் வாங்கி, இரண்டே வருஷத்தில் தொழிலை இழந்தார் என்று சொன்னால் சபை நிமிர்ந்து உட்காரும்.

எந்தத் தேதியில் எந்த விலைக்கு எத்தனை டாலர் வாங்கினார், கடைசியில் பாக்கி என்ன, ஏலத் தொகை என்ன என்று அத்தானிடம் கேட்டு வரிசையாக எழுதி அனுப்பு. பெயர் வராது. வீட்டுக்கு வேண்டாம், ஆபீஸ் முகவரிக்கே அனுப்பு. கீழே எழுதியிருக்கிறேன்.

உங்களுக்கும் ஒரு திருப்தியாக இருக்கும். பட்ட கஷ்டம் நாலு நாட்டுக்குப் பாடமாகப் போகிறதல்லவா?

அன்புடன்,
சேகர்


திருச்சி,
28.1.1994

சேகருக்கு,

நீ கேட்ட கணக்கைத் தனித் தாளில் எழுதி மேலே வைத்திருக்கிறேன். தேதி, டாலர், விலை எல்லாம் சரிபார்த்துவிட்டேன். அத்தானிடம் கேட்டு எழுதச் சொன்னாய். கேட்க முடியவில்லை. அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதினேன்.

அத்தான் அக்டோபர் நான்காம் தேதி இறந்துவிட்டார்.

கோயம்புத்தூர்க்காரர் மிஷினை வாங்கிக்கொண்டு போய் ஒரு மாதம் ஓட்டத் தெரியாமல் திணறினார். ஆள் அனுப்பி அத்தானைக் கூப்பிட்டார். மாதம் இரண்டாயிரத்து இருநூறு. நான் போக வேண்டாம் என்றேன். "அது என் மிஷின் சுலோ. வேற எவன் கையும் அதுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே கணபதி என்கிற பேட்டையில் ஒரு லாட்ஜில் மூன்று பேரோடு தங்கியிருந்தார். முதலாளி வரும்போது எழுந்து நிற்பாராம். அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். நெஞ்சு அடைக்கிறது என்று ஆடி மாதமே சொன்னார். அங்கே பார்த்த டாக்டர் மெட்ராஸ் போய் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருந்தார். தீபாவளி போனஸ் வரட்டும் என்று தள்ளிப்போட்டார்.

அன்று காலை ஷிப்ட். பதினோரு மணிக்குக் குருணை மூட்டை மேல் உட்கார்ந்து, "கொஞ்சம் பாத்துக்கப்பா" என்று பக்கத்தில் இருந்த ஆளிடம் சொன்னாராம். அந்த ஆள் தண்ணீர் எடுத்துவரப் போயிருக்கிறான். திரும்பி வந்து பார்த்தபோது முடிந்துவிட்டது. மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம். யாரோ ஓடிவந்து நிறுத்தும்வரை வாளிகள் விழுந்துகொண்டே இருந்தனவாம்.

"லண்டன் மாமாவுக்குத் தந்தி அடிக்க வேண்டாமாம்மா?" என்று கிரிஜா கேட்டாள். "மாமாவுக்கு வேலை அதிகம்" என்று சொன்னேன். உன் தபால் வந்தபோது முப்பதாம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

கலாவதியின் கடிதத்தைக் கடைசிவரை அவரிடம் காட்டவில்லை. உன்னைப் பற்றி நல்ல எண்ணத்தோடுதான் போனார். அது உனக்காகச் செய்ததில்லை. அவருக்கு அதுவாவது மிஞ்சட்டும் என்று விட்டேன்.

கணக்கை ஏன் அனுப்புகிறேன் என்று கிரிஜாவுக்குக் கோபம். நீ கேட்டு நான் பதில் எழுதாமல் இருந்தால், உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

உன் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மாற்று. ஆலோசனை சொல்ல ஆளில்லாதவர் என்று எழுதாதே. ஆள் இருந்தான், இரண்டு தடவை கேட்டும் வாயைத் திறக்கவில்லை என்று எழுது. பெயர் வேண்டாம். நான் இனி எழுதப் போவதில்லை.

கலாவதியும் குழந்தையும் நன்றாக இருக்கட்டும்.

சுலோச்சனா


லண்டன்,
11.2.1994

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் அத்தான், கிரிஜா நலமும் அறிய ஆவல். கருத்தரங்கு முடிந்த கையோடு ஹோட்டல் வரவேற்பறையிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்றைக்கே உனக்கு நன்றி சொல்லாவிட்டால் மனம் ஆறாது.

உன் தபால் இன்று காலைதான் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. நான் அப்போதே இங்கே மேடையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். உறையைப் பிரித்தது என் செக்ரட்டரி. வெள்ளைக்காரப் பெண், தமிழ் தெரியாது. ஆனாலும் மேலே இருந்த தாளில் எண்களைப் பார்த்துவிட்டு, நான் காத்திருந்தது இதுதான் என்று புரிந்துகொண்டு ஃபேக்ஸில் ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டாள். நான் பேச எழுவதற்குள் கையில் கிடைத்துவிட்டது. தமிழில் எழுதிய பக்கங்களை என் மேசை டிராயரில் வைத்திருக்கிறாளாம். அடுத்த வாரம் ஜெனீவா போய்விட்டு வந்து ஆற அமரப் படிக்கிறேன். நீ மறுபடியும் எழுத ஆரம்பித்ததே எனக்குப் பெரிய சந்தோஷம்.

என்ன தெளிவான கணக்கு அக்கா! ஒவ்வொரு தேதியும் அப்படியே பொருந்தியது. ஆலோசனை சொல்ல ஆளில்லாத சிறுதொழிலதிபர் என்று நான் ஆரம்பித்ததும் சபை அமைதியாகிவிட்டது. கடைசியில் கானா நாட்டு அதிகாரி ஒருவர் எழுந்து, "அந்த மனிதர் இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். "நன்றாக இருக்கிறார். அதே மிஷினில்தான் வேலை செய்கிறார். சம்பளம் மட்டும் வேறொருவர் கொடுக்கிறார்" என்றேன். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். தலைவர் எழுந்து வந்து கைகுலுக்கினார்.

விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள். அத்தானை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல். வயதாகிறது, மூட்டை கீட்டை தூக்க வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

உன் அன்புத் தம்பி,
சேகர்